அட்டவணையிலிருந்து விடுபட்டவர்கள்

சர்க்கரை நோய் ஆய்விலிருந்து நீக்கப்பட்ட முதல் ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணியின் அறைக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, இரத்தம் எடுக்கக் கையை மேசைமேல் நீட்டியபடி உட்கார்ந்தார். அதே நேரத்தில் அவர் தன் வீட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார் என்பதை அண்ணி போன் செய்து தெரிந்துகொண்டார். ஐம்பத்து நான்காம் நாள் அவர் வீட்டில் இறந்தார். அதுவரை அறையிலேயே உட்கார்ந்திருந்தவரும் எழுந்து போனார்.

அண்ணி பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பொருளாதாரப் பேராசிரியர். மாதாமாதம் பரிசோதித்தால் ஒருவருடைய ஆயுள் எவ்வளவு கூடும், அது அரசுக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் அவருடைய ஆய்வு. இரண்டு வருடம் பரிசோதனைக்கு வராதவர்களை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எல்லா ஆய்வுகளிலும் அப்படித்தான். எடுக்க எடுக்க வந்தார்கள். எடுக்காமல் விட்டுப் பார்த்தார், அப்போதும் வந்தார்கள். ஊசி குத்தினால் குழாயில் காற்றுதான் ஏறியது. வீடு வீடாக வண்டி அனுப்பி மருத்துவமனையில் சேர்த்தும் ஒருவர்கூட இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை. துறையில் கூடுதலாக ஆறு நாற்காலிகள் கொடுத்தார்கள். கட்டுரை நல்ல இதழில் வந்தது, பதவி உயர்வும் வந்தது.

எட்டாம் வருடம் என் அண்ணன் வந்து உட்கார்ந்தார். பஸ் ஓட்டுநர். அண்ணிதான் அவரை ஆய்வில் சேர்த்திருந்தார். வெறும் வயிற்றோடு வண்டி எடுக்க முடியாது என்று சொல்லிச் சொல்லிப் பரிசோதனைக்கு டிமிக்கி கொடுத்துவந்தார். அட்டவணையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். முந்தின நாள் நீக்கிய 212 யாரென்று அண்ணி பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்தார். அண்ணனே எடுத்தார்.

"நீங்க என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கீங்க."

"அப்படியா? அப்ப எனக்கு ஒரு டீ சொல்லு. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."

அன்றே மருத்துவமனையில் சேர்த்தார். மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள், சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். பகலில் அறையில் இருந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே விடைத்தாள் திருத்தினார். மாலையில் கட்டிலில் இருந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கை சூடாக இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

ஐம்பத்தொன்றாம் நாள் அறையில் இருந்தவர் சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அண்ணி வராந்தாவின் முனை வரை கூடவே நடந்தார். அந்த நேரத்தில் மருத்துவமனையில் நான் இருந்தேன்.

மறுவாரம் அந்த நாற்காலியில் ஒரு பெண் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் வீட்டுக்குப் போன் செய்து, கணவரைக் கூப்பிடச் சொன்னார். பரிசோதனையைப் பற்றி எதுவும் பேசவில்லை. இரண்டு மாதம் மனைவியை விட்டு எங்கும் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வகுப்பெடுக்கப் போனார்.