புயல் திரும்பிய மத்தியானம்

அந்த வானிலை நிலையத்துத் தலைமை அதிகாரிக்குக் புயலின் வழி என்று கணினி போடும் கோட்டில் நம்பிக்கை இல்லை. அதை அணைத்தே வைத்திருந்தார். ரேடார் திரைமேல் ஒரு கண்ணாடித் தாளை ஒட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புயலின் கண் இருக்கும் இடத்தில் கையால் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் புயல் போகும் வழி. அன்று பென்சில் பிடித்தவளுக்கு அந்த வழி பிடிக்கவில்லை. காலையிலிருந்து புயல் மேற்கே, நூல் பிடித்த மாதிரி, அவளுடைய மாமியார் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

மாமியார் வீட்டு வாசலில் இறங்கினால் கடல் மணல். புயல் வந்தால் அவர் எங்கே வந்து தங்குவார் என்பதில் சந்தேகமே இல்லை. போன முறை நான்கு நாள் இருந்ததில் சமையலறை டப்பாக்கள் உயர வரிசைப்படி நின்றன. உப்பு டப்பா எங்கே போனது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பாக்கெட்டிலிருந்தே போட்டுச் சமாளிக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்குமேல் புள்ளிகள் மெல்ல வடக்கே ஏறின. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பத்து வருட வேலையில் முதல்முறையாக ஒரு புயல் அவள் பேச்சைக் கேட்கிறது. அறிக்கை எழுதக்கூடப் பொறுக்காமல் மாமியாரைக் கைப்பேசியில் கூப்பிட்டு, புயல் திரும்பிவிட்டது, கட்டிய பெட்டியை அவிழ்த்துவிடலாம் என்றாள். அவர் "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு ஏசியைப் பார்க்க வந்த மெக்கானிக், திரை முன்னால் நின்று தலையைச் சாய்த்தார். தாள் நகரவில்லை என்று சரிபார்க்க அதன் மூலையில் போட்ட பெருக்கல் குறி, திரையில் உள்ள குறிக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

"மேடம், புயல் எங்கயும் திரும்பலை. டேப் விட்டுப்போய் தாள்தான் இறங்கியிருக்கு. பழைய புள்ளியெல்லாம் அதோட இறங்கிடுச்சு. அதான் புதுசு மேல ஏறின மாதிரி தெரியுது."

ஒவ்வொரு புள்ளிக்கு முன்பும் இரண்டு குறிகளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது வழக்கம். காலையில் பதினெட்டு முறை பார்த்தாள். வடக்கே போகத் தொடங்கியதும் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். டேப்பைத் திட்டத்தான் வாய் வந்தது. மனசு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் உப்பு டப்பாவுக்காக ஒரு மனுஷியைக் கடற்கரையில் உட்கார வைத்தாயிற்று.

அறிக்கை இன்னும் வெளியே போகவில்லை என்பதால் அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. அடுத்து மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அத்தை, நான் சொன்னது தப்பு. புயல் நேரா உங்க பக்கம்தான் வருது. உடனே கிளம்புங்க."

பதில் வருவதற்குமுன் பின்னணியில் கர்ரென்று ஓர் உறுமல் கேட்டது. இரண்டு வருடமாக மாற்றப்போகிறேன் என்று அவள் சொல்லிவரும், அவள் வீட்டு ஃப்ரிட்ஜ். சாவி ஒன்று மாமியாரிடமும் உண்டு.

"நான் அப்பவே வந்துட்டேன்மா. நீ வராதுன்னு சொன்னதும்தான் பெட்டியைத் தூக்கினேன். போன வாரம் மழையே கிடையாதுன்னே, என் போர்வை மூணும் நனைஞ்சுது. ஆமா, உப்பு டப்பா நான் வச்ச இடத்துலயே இருக்கே, நீ தொடவே இல்லையா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வச்சீங்க அத்தை?"