குனிந்தவர்க்கே முகம்

தலைமையாசிரியரின் தலை எங்கே என்று கேட்பதற்காக ஒரு குழுவே கூடியது. முதல் வகுப்புக் குழந்தைகளுக்காக அச்சாகவிருந்த படப்புத்தகம் அது. பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமியின் முதல் நாளைச் சொல்வது. அதன் நடுப்பக்கத்தில் தலைமையாசிரியரின் பளபளக்கும் காலணிகள் இருந்தன, மடிப்புக் கலையாத கால்சட்டை இருந்தது, இடுப்புவார் இருந்தது, சட்டைப்பையில் பேனாவும் இருந்தது. அதற்குமேல் தாள் முடிந்துவிட்டது. கீழே, அவருடைய முழங்காலுக்கு எதிரே, ரிப்பன் கட்டிய சிறுமி ஒருத்தி அண்ணாந்து நின்றாள்.

வரைந்தவளைப் பதிப்பகத்தில் எல்லாரும் படக்கா என்பார்கள். படம் போடுகிற அக்கா என்பது நாளடைவில் தேய்ந்து அப்படி ஆயிற்று. சோப்பு உறைகளுக்கும் பற்பசைப் பெட்டிகளுக்கும் எழுத்து வரைந்து வயிறு வளர்த்த இளமைக்காலம் போக, மீதியையெல்லாம் அவள் குழந்தைகளின் புத்தகங்களுக்கே கொடுத்திருந்தாள்.

அவளுடைய முதல் புத்தகத்தின்போது நேர்ந்தது இது. அழிப்பான் கைதவறி மேசைக்கடியில் உருண்டோடியது. தேடிக்கொண்டு தவழ்ந்து போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேசையின் அடிப்பலகையில் தச்சர் கிழித்த பென்சில் கோடுகள் அழியாமல் இருந்தன. கதவின் கைப்பிடி எட்டாத உயரத்தில் மின்னியது. அறைக்குள் வந்த கணவர், இரண்டு முழங்கால்களாகவும் ஒரு குரலாகவும் மட்டுமே வந்தார். இத்தனை காலம் குடியிருந்தும் இந்த வீட்டைத் தான் பார்த்ததே இல்லை என்று அவளுக்குப் பட்டது. மறுநாளே ஒரு முக்காலியின் கால்களைப் பாதியாக அறுக்கச் சொன்னாள். “நல்ல முக்காலிம்மா! அது உன்னை என்ன பண்ணுச்சு?” என்று புலம்பிக்கொண்டே அவர் அறுத்துக் கொடுத்தார்.

அன்றுமுதல் அந்தக் குட்டை முக்காலியில் அமர்ந்து பார்த்ததைத்தான் அவள் வரைந்தாள். நிற்கிற பெரியவர்களுக்கு அவள் படங்களில் முகம் கிடையாது. செருப்பின் வாரை மாட்டிவிடக் குனியும் தாய்க்கு முகம் உண்டு. ஓடிவந்த பந்தை எடுத்துத் தரக் குனியும் வழிப்போக்கருக்கும் உண்டு. தலைமையாசிரியருக்கும் இல்லாமல் போகவில்லை. பக்கத்தைத் திருப்பினால் அவர் குனிந்து கைநீட்டுகிறார். அந்தப் பக்கம் முழுவதும் அவர் முகம்தான். ஆனால் குழுவினர் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கவில்லை. படப்புத்தகத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள் படப்புத்தகத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் கொடுமையை யாரிடம் போய் முறையிடுவது!

கூட்டத்துக்குப் புறப்பட்ட காலையில் கணவர் வாசற்படிவரை வந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிறர் ஓட்டும் வண்டியில் பிரேக்கின்மேல் கால்வைத்தே பழகியவர்.

“ஏம்மா, நீ போற வேகத்துக்கு முன்னாடி ஒரு சுவர் இருக்குன்னு தெரியுதா?”

“தெரியுது. சுவர்னா படம் போடலாம்.”

“கேலி பண்ணாதே. பள்ளிக்கூடம் போற அத்தனை குழந்தை கையிலயும் போய்ச் சேரப்போற புத்தகம். இப்படி ஒண்ணு உனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. ஒரே ஒரு தலை. போட்டுக் குடுத்துட்டு வந்துடேன்.”

அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. பள்ளிகளுக்கெல்லாம் போகும் புத்தகங்களை வெளியிடுவது பதிப்பகத்தின் அந்தக் குழு ஒன்றுதான். அங்கே கதவு சாத்தப்பட்டால் தட்டுவதற்கு வேறு கதவில்லை. அது தெரிந்தேதான் அவள் படியிறங்கினாள்.

கூட்ட அறையில் ஒரு நீண்ட மேசை கிடந்தது. அதன் தலைமாட்டில், மற்ற நாற்காலிகளைவிட உயரமான ஒன்றில் குழுத் தலைவர் வீற்றிருந்தார். அவருக்கு வலப்புறம், அவர் வாய் திறக்குமுன்பே தலையாட்டிவிடும் உறுப்பினர். ஆமாஞ்சாமி என்பது அவருக்குப் பதிப்பகத்தார் வைத்த பெயர். இடப்புறம் பதிப்பாசிரியை. அவள் நல்லவள்தான்; ஆனால் வாயைத் திறக்கமாட்டாள்.

“வாங்கம்மா, உக்காருங்க. உங்க சிரமத்தை நாங்களே குறைச்சிட்டோம்,” என்று தலைவர் ஓர் அச்சுப்படியை அவள் பக்கம் தள்ளினார். “கம்ப்யூட்டர்ல தலையைச் சேர்த்தாச்சு. பாருங்க, எவ்வளவு கம்பீரம்!”

“களையான முகம் சார். அந்த மீசை இருக்கே, அடேயப்பா!” என்றார் ஆமாஞ்சாமி.

படக்கா பார்த்தாள். தலைக்கு இடம் வேண்டுமென்று படத்தை அப்படியே கீழே இறக்கியிருந்தார்கள். மீசை முறுக்கிய முகமொன்று நடுப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அடிவிளிம்பில் ரிப்பனின் நுனி மட்டும் புல்முளைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. சிறுமியைக் காணோம்.

“இதுல குழந்தை எங்க சார்?”

“எந்தக் குழந்தை?”

“யாரைப் பத்திப் புத்தகம் போடுறீங்களோ, அந்தக் குழந்தை.”

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். ஆமாஞ்சாமி தாளைத் தூக்கிப் பின்புறத்தையும் பார்த்தார், பிறகு முகம் மலர்ந்து, “அட்டையில இருக்கே மேடம், பெரிசா!” என்றார்.

“அதான் அட்டையில இருக்குல்ல,” என்று தலைவர் அதையே பிடித்துக்கொண்டார். “ஒரு பக்கத்துல இல்லாட்டி என்ன குடியா முழுகிடும்? பசங்களுக்குப் பெரியவங்க மேல ஒரு மரியாதை வரணும். தலையில்லாத மனுஷனைப் பாத்துப் பயந்துட்டா யார் பதில் சொல்றது?”

“பயப்படட்டும் சார். முதல் நாள் பயமாத்தான் இருக்கும். பக்கத்தைத் திருப்பினா அவரே குனிஞ்சு வர்றாரு. முகத்தை இங்கயே குடுத்துட்டா அவர் அங்க எதுக்குக் குனியணும்?”

“அந்தப் பக்கமும் எங்களுக்குச் சரியா படல. அவர் பதவிக்கு அவ்வளவு குனியறது நல்லாவா இருக்கு?”

“கொஞ்சம் நிமித்தினா எடுப்பா இருக்கும்,” என்றார் ஆமாஞ்சாமி.

“முடிவு எடுத்தாச்சும்மா. நீங்க கையெழுத்துப் போட்டா இன்னிக்கே அச்சுக்குப் போகுது. போடலேன்னா, நான் இந்த நாற்காலியில இருக்கிறவரைக்கும் உங்களுக்கு இங்க வேலை கிடையாது.”

வரைந்தவரின் கையெழுத்தில்லாமல் ஒரு பக்கமும் அச்சேறக்கூடாது என்பது ஒப்பந்தம். அவள் பையிலிருந்து தன் மைப்பேனாவை எடுத்துத் திறந்தாள். மூடி விரல்களுக்கிடையே நழுவி, தரையில் விழுந்து, மேசைக்கடியில் ஓடியது. அவள் குனிந்தாள்.

கீழே வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆமாஞ்சாமியின் காலணிகள் இரண்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பதிப்பாசிரியையின் பாதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடந்தன. உயரமான நாற்காலியிலிருந்து தலைவரின் கால்கள் தரையை எட்டாமல் தொங்கின. இறுக்கிய காலணிகளைக் கழற்றிவிட்டு, காலுறைப் பாதங்களை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். படக்கா சற்று அதிகமாகவே மூடியைத் தேடினாள்.

நிமிர்ந்தவள் கையெழுத்துப் போடவில்லை. அச்சுப்படியைச் சுற்றி, புத்தகம் கட்டும்போது வெட்டி எறிவதற்கென்று ஒரு வெள்ளை ஓரம் விட்டிருப்பார்கள். ரிப்பனின் நுனிக்கு நேர்கீழே, அந்த ஓரத்தில் பேனாவை வைத்தாள். நெற்றி வந்தது, இரண்டு கண்கள் வந்தன, விளிம்பைப் பற்றிக்கொண்டு எம்பிப் பார்க்கும் பத்து விரல்களும் வந்தன. கண்கள் நேரே மேலே, அந்த மீசையைப் பார்த்தன.

“என்னம்மா, விளையாடுறீங்களா?”

“குழந்தைங்க புத்தகம் சார், விளையாடாம எப்படி? இந்த ஓரத்தை எப்படியும் வெட்டத்தானே போறீங்க? உங்க கையாலயே வெட்டுங்க. என் கையெழுத்து வராது. நான் வரைஞ்ச தாளையெல்லாம் குடுத்துடுங்க.”

“போனா போனதுதான். திரும்பி வரமுடியாது.”

“வெளியே போற வழி தெரியும் சார்.”

 பதிப்பாசிரியை எழுந்தாள். அலமாரியைத் திறந்து, மூலப்படங்கள் இருந்த உறையை எடுத்து வந்து, தலைவரின் முறைப்புக்கு முன்னாலேயே படக்காவின் கையில் கொடுத்தாள். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

வீட்டில் கணவர் அவள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

“பிரேக் போடலையா?”

“இல்ல.”

“பலமா இடிச்சிருச்சோ?”

“பலமாத்தான். இனிமே அங்க ஒண்ணும் கிடையாது.”

 அவர் அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தார். உள்ளே போய்க் குட்டை முக்காலியைத் தூக்கிவந்து சன்னலோரம் போட்டார். அவள் உட்கார்ந்தாள். உறையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். முதலில் ஒரு மேசையின் அடிப்பலகை வந்தது. வாசலைப் பார்க்கும் காலணிகள் வந்தன. பின்னிக்கொண்ட பாதங்கள் வந்தன. நடுவில், தரையை எட்டாமல் ஊஞ்சலாடும் இரண்டு கால்களும் வந்தன.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“யாரு இது, கால் எட்டாம?”

“குழுத் தலைவர்.”

“பாவம்மா, அந்த மனுஷனுக்கு ஒரு முகம் போட்டுடேன்.”

அவள் தலை நிமிரவில்லை; பேனாவும் நிற்கவில்லை.

“குனியட்டும், போடறேன்.”