இருவர் மூடும் பெட்டி

தேனிப் பக்கம் தேவாரம் ஊர் வேல்விழி செய்த குளிர்பெட்டி, ஒரே ஆள் மூடினால் குளிராது. கூட்டுச் சேர்ந்த இரண்டு பேர் மூடியில் கை வைத்து மூடினால், கரண்டே இல்லாமல், உள்ளிருக்கும் திராட்சை ஒரு மாதம் வரை அன்று பறித்ததுபோல இருக்கும்.

இது முதலில் அவளுக்கே தெரியாது. கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை விற்றுத் தகடும் சோலார் பலகையும் வாங்கியவள் அவள். அந்தக் கோபத்தில் அப்பா மலைச்சாமி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா இல்லாத வீட்டில் அவள் வைத்த குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிட்டார். உப்புக் கூடினாலும் சொல்ல மாட்டார். ஊர் அவளைப் பைத்தியம் என்றது. அதை அவள் சட்டை செய்யவில்லை. அப்பா பேசாததைத்தான் தாங்க முடியவில்லை. பெட்டியும் குளிரவில்லை.

அப்போதுதான், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரும் விற்கத் தெரிந்தவரும் கூட்டுச் சேர்ந்தால் மானியம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. கம்பத்தில் திராட்சை மொத்த வியாபாரம் செய்யும் ரெஹானா, "நீ செய்யி, நான் விக்கிறேன்" என்று வந்தாள். தேனியில் கூட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இருவரும் சேர்ந்து பெட்டியை மூடினார்கள். மறுநாள் கொத்துகளின் மேல் பனி பூத்திருந்தது. சோலார் ஒயரை மாட்ட மறந்தது பிறகுதான் தெரிந்தது. மானிய அதிகாரி வந்து தனியாக மூடிப் பார்த்தார். தன் டிரைவரோடு சேர்ந்தும் மூடிப் பார்த்தார். டிரைவர் கூட்டாளி இல்லையே, குளிரவில்லை. மானியமே கூட்டுக்குத்தான், பெட்டியும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அதன்பின் ஜோடியாக வருகிறவர்களுக்கு மட்டுமே பெட்டி விற்கப்பட்டது. கிணற்றுத் தண்ணீர் முறைக்காகக் கோர்ட்டு வரை போன பங்காளிகள் சேர்ந்து வந்து வாங்கினார்கள். கூடலூர் பாண்டியராஜன் மட்டும் கூட்டுப் பத்திரத்தில் இரண்டு இடத்திலும் தன் பெயரையே எழுதி வாங்கிப் போனார். அவர் திராட்சை மறுநாளே உலர்ந்து கிடந்தது. அதையும் உலர்திராட்சை என்று நல்ல விலைக்கு விற்றார் என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலைச்சாமி தன் திராட்சைத் தோட்டத்தில் அவசரமாகப் பறித்துப்போட்ட பழத்தை ஏற்ற லாரி வரவில்லை. இரண்டு நாள் போனால் வருஷத்துப் பாடு அத்தனையும் குப்பைக்குத்தான். கூட்டுக்கு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டார். எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது. நனைந்த தலையோடு மகளின் பட்டறை வாசலில் வந்து நின்று, ரெஹானாவைப் பார்த்து ஒரு பெட்டி வேண்டும் என்றார்.

"கூட்டுக்கு யாரு மாமா? நீங்க மட்டும் வந்திருக்கீக?"

மலைச்சாமி துண்டால் தலையைத் துவட்டினார். பார்வை தரையைவிட்டு எழவில்லை.

"எனக்கு வேற ஆரு இருக்கா? ஆத்தா வேலு, நீ சேந்துக்கிறியா?"

வேல்விழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சேந்துக்கிறேன்ப்பா" என்றாள். இருவரும் மூடியில் கை வைத்தார்கள். பெட்டி குளிர்ந்தது, அது எப்போதும் செய்வதுதான். அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த மலைச்சாமி, முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"உப்புக் கூடிப்போச்சு ஆத்தா" என்றார்.