சாட்சி மண்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பள்ளத்திலிருந்து. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எழுபதுகளின் பின்பாதியில் பொருளாதார மந்தத்தைப் போக்க அரசு தீட்டிய திட்டங்களில்...'

அடித்துவிட்டேன். மண் சுமந்த வீட்டில் பிறந்தவன் இப்படி எழுதக் கூடாது. மழை இல்லை, மீன் இல்லை, முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. தருவைகுளத்துப் பக்கம் பழைய குளத்தை ஆழப்படுத்தினால் கூலியாகக் கோதுமை என்றது அரசாங்கம். அவ்வளவுதான்.

2
ஏசுவடியான் முத்துக் குளித்தவன். (முந்தைய வரைவில் ரொம்ப நல்லவனாக இருந்தான். நம்ப முடியவில்லை. கொஞ்சம் வாய்த்துடுக்கு கொடுத்திருக்கிறேன்.) அவனும் கடற்கரைச் சனமும் ஒரு வாரம் வெட்டினார்கள்.

மண்வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்தின் நடுவே ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள். அதற்குப் பெயர் சாட்சி. அதன் உயரம்தான் வெட்டிய ஆழம்; குளம் முன்பே பள்ளம் என்பதால் கரையிலிருந்து அளந்தால் கணக்கு வராது; திட்டை அளந்துதான் கூலி. முதல் நாள் ஓவர்சீயர் கோடு போட்டு விடச் சொன்ன திட்டு எதற்கென்று கடலில் பிழைத்தவர்களுக்குத் தெரியாது. அதிகாரி வரும்போது அழகாக இருக்கட்டும் என்று அதையும் வெட்டிச் சமமாக்கிவிட்டார்கள்.

3
"ஏலே, சாட்சி எங்கலே?" என்றார் ஓவர்சீயர் செல்வதுரை.

"நடுவுல துருத்திக்கிட்டு நின்னுச்சே, அதா சார்? வெட்டியாச்சு. அதுக்கும் சேத்துப் போடுங்க" என்றான் ஏசுவடியான்.

"நான் எதப் பாத்துலே ஆழம் எழுத?"

"எறங்கி நில்லுங்க. தல தெரியலன்னா ஆழம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி விக்டோரியா கூடையை வீசினாள்.

"சிரிப்பப் பாரு! வீட்டுல பிள்ளைக வெறும் நீத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்கு. அண்ணாச்சி, நாங்க வெட்டாம இந்தக் கரையில கெடக்க மண்ணு வானத்துலருந்தா விழுந்துச்சு?"

[செல்வதுரையைக் கெட்டவனாக்கினால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அவர் வேலையும் தற்காலிகம்தான். அளக்காமல் கணக்கு எழுதினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.]

4
முடிவு ஒன்று: அவர் மனமிரங்கிக் கோதுமை... பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: ஏசுவடியான் அவர் சட்டையைப் பிடிக்கிறான். எழுதுவது சுலபம். ஸ்டேஷனில் அடி வாங்கப்போவது நானில்லை.

முடிவு மூன்று: "நான் டீ குடிச்சிட்டு வாரேன். வரும்போது அங்கன சாட்சி நிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் போகிறார். ஈர மண்ணைக் குழைத்துத் திட்டு எழுப்புகிறார்கள். உண்மையாக உழைத்தவர்கள் பொய்ச் சாட்சி கட்டுகிறார்கள்.

"எம்புட்டு ஒசரம் வைக்க?" என்கிறாள் விக்டோரியா, கை நிறைய மண்ணோடு. ஏசுவடியான் தன் முழங்காலில் கை வைத்துப் பார்க்கிறான், பிறகு இடுப்பில். வெட்டியவர்கள் யாரும் அளந்து பார்த்ததில்லை.

டீக்கடையிலிருந்து செல்வதுரை திரும்பி வந்துகொண்டிருக்கிறார். எனக்கு அலுத்துவிட்டது. உயரத்தை நீங்கள் சொல்லுங்கள். குறைத்து மட்டும் சொல்லிவிடாதீர்கள்.