ஹன்னிபல் ஓடிய ஐந்நூறு நாள்

சுதந்திரத்தின் வரலாறு முழுமையாக எழுதப்படும் நாளில், 2003 செப்டம்பர் பதினைந்தாம் தேதி துனிஸ் நகரின் லஃபாயெத் பகுதியில் நடந்த ஊர்வலத்துக்கு அதில் தனி அத்தியாயம் உண்டு என்று எங்கள் தலைவர் ஷெத்லி அறிவித்திருந்தார். ஊர்வலத்தில் மூன்று பேர் போனோம். நடுவில் ஒரு குழந்தை வண்டி. அதில் குழந்தைக்குப் பதிலாக, பக்க மூடி இல்லாத பழைய கணினி ஒன்று பூப்போட்ட போர்வைமேல் சாய்ந்து கிடந்தது.

அதற்கு ஹன்னிபல் என்று பெயர். ரோமை நடுங்க வைத்த தளபதி ஹன்னிபலின் கார்த்தேஜ் எங்களுக்குப் புறநகர் ரயிலில் அரைமணி தூரம். அதனால் எங்கள் ஊரில் எதற்குப் பெயர் வைக்க உட்கார்ந்தாலும் கடைசியில் அவரிடம்தான் போய் நிற்போம். இந்த ஹன்னிபல் ஒரு வங்கி கழித்துப்போட்ட பெட்டி. அறுபத்து நான்கு மெகாபைட் நினைவகம். விசிறியில் ஓர் இறக்கை கிடையாது.

நாங்கள் என்றால், துனிஸ் கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் வட்டம்; விண்டோஸுக்குப் பதில், யாரும் திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ் போன்ற இயங்குதளங்களைக் கொண்டாடுகிறவர்கள். மின்னஞ்சல் பட்டியலில் நாற்பத்தொரு பேர். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேருக்குள் ஐந்து கட்சி. ஷெத்லி பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், லினக்ஸ் வகைகளில் டெபியன் கட்சி. ராவ்தா தொலைபேசி இலாகாவில் பெண் பொறியாளர்; லினக்ஸையே ஒப்புக்கொள்ளாத ஃப்ரீபிஎஸ்டி கட்சி. "நீங்கல்லாம் பொம்மை வச்சு விளையாடுறீங்க" என்று சொல்வதற்காகவே ஒரு சனிக்கிழமை தவறாமல் வருவார். நான் ஸுஹைர், அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவன், வட்டத்திலேயே இளையவன். எந்தக் கட்சியின் குறுந்தகடு கீறல் இல்லாமல் கிடைக்கிறதோ, அந்த மாதம் நான் அந்தக் கட்சி.

எங்கள் ஊரில் கால்பந்தில் ஜென்மப் பகையான எஸ்பெரான்ஸ் ரசிகனும் க்ளப் ஆஃப்ரிக்கன் ரசிகனும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் கூஸ்கூஸ் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வட்டத்தில் லினக்ஸ் திரைக்கு கேடிஈதான் என்கிறவரும் க்னோம்தான் என்கிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திரையில் பொத்தான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் சண்டை. பாரிஸிலிருந்து வரும் பத்திரிகையின் அட்டையில் ஒட்டியிருக்கும் குறுந்தகட்டுக்காகக் கடைவாசலில் காத்துக் கிடப்போம். ஒரு மென்பொருளை நிறுவ ஏழு குறுந்தகடு வேண்டும், அதில் ஆறாவது படிக்காது. இயங்குதளத்தின் கருவான கெர்னலைத் தொகுக்க விட்டுவிட்டுத் தெருமுனையில் ஃப்ரிகாஸே ரொட்டி தின்று, அதிலுள்ள ஹரிஸா மிளகாய் விழுதின் எரிச்சல் அடங்க ஒரு எலுமிச்சைச் சாறும் குடித்துவிட்டு வந்தால், அது பாதிகூட முடிந்திருக்காது. ஆனாலும் "கெர்னல் தொகுக்கிறேன்" என்று சொல்லும்போது, மற்றவர்கள் "வீடு கட்டுகிறேன்" என்று சொல்லும்போது வருகிற நிமிர்வு எங்களுக்கு வரும். அப்படி ஒரு நிமிர்வு அதற்குப் பிறகு எனக்கு எதிலும் வரவில்லை. வீடு கட்டியபோதும் வரவில்லை.

எந்தப் பேச்சையும் ஷெத்லி ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்: "புரோகிராமோட கோடு திறந்து கிடக்கு. எவன் வேணும்னாலும் படிக்கலாம். இதுல ஒளிவுமறைவே கிடையாது." நாங்கள் கைதட்டுவோம்.

பந்தயம் ஹம்மாதியின் கடையில் பிறந்தது. எங்கள் ஊரில் பப்ளிநெட் என்று சொல்கிற இணையக் கடை அது. பன்னிரண்டு கணினிகள். எல்லாவற்றிலும் இரண்டு தினார் குறுந்தகட்டில் வந்த திருட்டு விண்டோஸ். அதோடு கூடவே வந்த வைரஸ்கள். எது உறைந்து நின்றாலும் ஹம்மாதி எழுந்து போய் அதன் தலையில் உள்ளங்கையால் ஒன்று போடுவார். ஒருநாள் அவர் அப்படிப் போட்டபோது ஷெத்லி பக்கத்தில் இருந்துவிட்டார்.

"எங்க பெட்டியை அடிக்கவே வேண்டாம் ஹம்மாதி. அஞ்சு வருஷம் அணைக்காம ஓடும்."

"அஞ்சு வருஷம் யாரு உயிரோட இருக்கா, உஸ்தாத்? ஐந்நூறு நாள் ஓட்டிக் காட்டுங்க. பன்னிரண்டுலயும் உங்க லினக்ஸையே போட்டுக்கறேன்."

"ஓடலைன்னா?"

ஹம்மாதி யோசித்தார். பிறகு ஒரு மவுஸைக் கவிழ்த்து, வயிற்றிலிருந்து ரப்பர் உருண்டையை எடுத்துக் காட்டினார். அதில் அழுக்கும் மயிரும் சுற்றியிருந்தன.

"இந்தப் பன்னிரண்டையும் ஒரு மாசம் நீங்க துடைச்சுத் தரணும்."

2002 மே ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஹம்மாதி சாட்சியாக நிற்க, ஷெத்லி ஹன்னிபலின் பொத்தானை அழுத்தினார். ஐந்நூறு நாள் என்றால் அடுத்த வருஷம் செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, அதே பத்து மணி.

ஹன்னிபல் இருந்தது ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் பின்னறையில். செப்டம்பர் பதினைந்தில் பள்ளிகள் திறக்கின்றன, அன்று மதியத்துக்குள் அறை வேண்டும் என்று நிலையத்தார் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் மிச்சம். "இங்க கொண்டாந்து வைங்க, பாத்துக்கறேன்" என்றார் ஹம்மாதி. எதிரியானாலும் நாணயமானவர். ஆனால் அணைக்காமல் எப்படிக் கொண்டுபோவது?

யூ.பி.எஸ்ஸோடு சேர்த்துக் கொண்டுபோவது என்று ராவ்தா சொன்னார். மின்கலம் பன்னிரண்டு நிமிஷம் தாங்கும், நடை பத்து நிமிஷம். காரில் வைத்தால் குலுங்கி வட்டு கெடும். அக்காள் வீட்டிலிருந்து குழந்தை வண்டியையும் அவரே கொண்டுவந்தார். அதற்கு நல்ல ஸ்பிரிங். கணினி மேலே, யூ.பி.எஸ். கீழ்க்கூடையில். இரண்டுக்கும் நடுவே ஒரு மின்கம்பி. அது கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. குனிந்தபடியே நடக்க வேண்டும்.

சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கியதும் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது. பீப். பீப். மணி பன்னிரண்டு இருபது. தெருவில் குழந்தை வண்டியைப் பார்த்துச் சிரித்தபடி வந்த பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக நகர்ந்தார்கள். பாதி வழியில், நிறுத்தியிருந்த காரில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒருவர் கையை நீட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சும்மா காரில் சாய்ந்து நிற்கிறவர் எந்தப் போலீஸ் என்று யாரும் கேட்பதில்லை.

"என்ன இது?"

"கம்ப்யூட்டர், ஐயா" என்றார் ஷெத்லி.

"கத்துதே."

"மின்சாரம் இல்ல, அதான்."

"அணைச்சுடுங்க."

"அணைக்கக்கூடாது ஐயா."

"யாரு சொன்னா?"

பீப்.

"நானூத்தித் தொண்ணூத்தேழு நாளா ஓடிக்கிட்டு இருக்கு."

"சரி. என்ன வேலை செய்யுது?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

"ஓடுது" என்றார் ஷெத்லி.

அவர் விதைத்தோலைத் துப்பினார். "என் மாமியா வீட்டு ஃப்ரிட்ஜ் பதினாறு வருஷமா ஓடுது. அதை வண்டியில வச்சு யாரும் ஊர்வலம் விடலை. நீங்க மூணு பேரும் யாரு? ஏதாவது சங்கமா? பதிவு பண்ணியிருக்கா?"

மூன்று வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிய மனிதர், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சங்கம் எல்லாம் இல்லீங்க. குடும்பம். இவ என் சம்சாரம். இவன் மச்சினன்."

ராவ்தா அவரைப் பார்த்த பார்வையில் மின்கலம் இன்னும் இரண்டு நிமிஷம் தாங்கியிருக்கும். "ஆமாங்க, ஐயா. இந்த மனுசன் வீட்டுல ஒரு பல்பு மாத்த மாட்டார். இதைத்தான் தாலாட்டிக்கிட்டு இருப்பார்."

அவர் முகம் இளகியது. தன் மகளின் கணினி ஒரு வாரமாகக் கிளம்பவில்லை என்றார். வியாழக்கிழமை ஹம்மாதி கடைக்குக் கொண்டுவாருங்கள், இலவசமாகவே சரிசெய்து தருகிறேன் என்றார் ஷெத்லி. அவர் வழிவிட்டபோது பீப்புகளுக்கு இடைவெளியே இல்லை. ஒரே நீளமான அலறல். மிச்ச தூரம் ஓடினோம். நான் குனிந்தபடியே ஓடினேன். ஹம்மாதி வாசலில் எக்ஸ்டென்ஷன் கம்பியோடு காத்திருந்தார். செருகினார். அலறல் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது, விசிறி முனகியது. ராவ்தா கடைப்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார் ஷெத்லி. "திரையை அன்னிக்குத்தான் மாட்டணும். எத்தனை நாளா ஓடுதுன்னு ஹம்மாதியே தன் கையால கேக்கட்டும்."

வியாழக்கிழமை வந்தது. ஷெத்லி கோட்டு போட்டிருந்தார். வட்டத்தின் ஏழு பேரும் வந்திருந்தோம். இரண்டு மாணவர்கள் வேறு வேலையாக வந்து மாட்டிக்கொண்டார்கள். விதை கொறிக்கிறவரும் மகளின் கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அதனால் ஷெத்லியின் உரையில் சுதந்திரம் என்ற சொல் வரவில்லை. 'பொறியியல் மேன்மை' என்று வந்தது. சரியாகப் பத்து மணிக்கு ஹம்மாதி, எவ்வளவு நேரமாக ஓடுகிறாய் என்று கேட்கும் அந்த ஒற்றைச் சொல் கட்டளையை ஒரே விரலால் தட்டினார்.

இரண்டு நாள், இருபத்தொரு மணி, முப்பத்து மூன்று நிமிஷம் என்றது ஹன்னிபல்.

விதைக்காரர் விரல்விட்டு எண்ணினார். யார் எங்கே எப்போது என்று கணக்கு வைப்பது அவர் தொழில்.

"ரெண்டு நாள் இருபத்தொரு மணின்னா... திங்கக்கிழமை, பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால. நான் உங்களை நிறுத்தின நேரம்." பிறகு அமைதியாகக் கேட்டார்: "அப்போ கம்பியைப் புடிச்சிருந்தது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் விடலை ஷெத்லி ஐயா. சத்தியமா விடலை."

"ஒரு செகண்ட் நழுவியிருக்கும். உனக்கே தெரிஞ்சிருக்காது."

"அதோட லாக் பதிவைப் பாத்தா தெரிஞ்சுடும்" என்றார் ராவ்தா. "நகருங்க, நான் பாக்கறேன்."

ஷெத்லி நகரவில்லை. தோற்ற தளபதி வாளை ஒப்படைப்பது போல நிமிர்ந்து நின்று, குனிந்து, ஹன்னிபலின் கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். விசிறி நின்றது. ராவ்தா அதைத் திரும்பச் செருகியபோது வட்டு ஒருமுறை கிர்ரென்றது. அவ்வளவுதான். அத்தனை நாள் சுழன்ற வட்டு, நின்றதும் ஒட்டிக்கொண்டது. பிறகு அது சுழலவே இல்லை.

மவுஸ்களை நான் துடைத்தேன். "தப்பு யாருடையதோ அவங்கதானே" என்றார் ஷெத்லி. அச்சகம் விட்டதும் ஹம்மாதி கடைக்குப் போவேன். அவர் பஞ்சும் ஸ்பிரிட்டும் பால் அதிகமான ஒரு காபியும் தருவார். ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு வாடிக்கையாளரின் வாழ்க்கை ஒட்டியிருக்கும்: ஹல்வாத் துணுக்கு, சிகரெட் சாம்பல், பூனை மயிர். இப்போது மவுஸுக்கு உருண்டையே கிடையாது. இன்றைக்கும் ஸ்பிரிட் வாசனை பட்டால் எனக்கு ஊசி போடுகிற ஞாபகம் வராது. அந்தக் கடையின் ஞாபகம்தான் வரும்.

அடுத்த வசந்தத்தில் ஒரு வைரஸ் பன்னிரண்டு கணினிகளையும் படுக்கப் போட்டது. ஹம்மாதி என்னைக் கூப்பிட்டார். "அந்த உங்க சனியனையே போட்டு விடு." போட்டேன். உரை எதுவும் இல்லை. திரையில் வரும் சீட்டாட்டம் மாறிவிட்டது என்று மட்டும் வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள்.

வட்டம் அதற்கு முன்பே கலைந்திருந்தது. கம்பியை விட்டவனோடு ஒரே அறையில் உட்கார முடியாது என்று மூன்று பேர், அவன் விடவில்லை என்று இரண்டு பேர். ராவ்தா மான்ட்ரியாலுக்குப் போய்விட்டார். ஷெத்லி இப்போது எண்ணிம இறையாண்மை ஆலோசகர்.

போன மாதம் ராவ்தாவிடமிருந்து செய்தி வந்தது. "ஸுஹைர், நீ கம்பியை விடலை. அந்தக் காலத்து லினக்ஸ் நொடியை நூறா உடைச்சு எண்ணும். எண்ண ஒதுக்கின இடம், நானூத்தித் தொண்ணூத்தேழு நாள் ரெண்டு மணி இருபத்தேழு நிமிஷத்துல நிறைஞ்சுடும். அப்புறம் கார் மீட்டர் மாதிரி பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும். எங்க ஃப்ரீபிஎஸ்டியில இந்தக் கூத்தெல்லாம் இல்லை."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை, பன்னிரண்டு இருபத்தேழு. மாமியார் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம். ஹன்னிபல் ஐந்நூறு நாளும் ஓடியிருக்கிறது. பந்தயத்தில் ஜெயித்த நிமிஷத்தில் ஷெத்லி அதை அணைத்திருக்கிறார்.

இருபது வருஷத்துக்குப் பிறகு அவருக்குப் போன் செய்தேன். கடைசிவரை கேட்டார்.

"தெரியும்டா."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"பத்து நாள்லயே. வேற ஒரு மின்னஞ்சல் பட்டியல்ல ஒரு ஜெர்மன்காரன் சொன்னான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிடா சொல்றது? கோடு திறந்து கிடக்கு, படிங்கன்னு மூணு வருஷமா கத்தினவன் நான். நானே படிக்கலைன்னு எந்த வாயால சொல்றது? ஓடிக்கிட்டு இருந்ததைக் கொன்னது நான்னு வேற ஆகும். நீயும் அதுக்குள்ள பத்து நாள் மவுஸ் துடைச்சிட்ட."

ஒரு சாயங்காலம் முழுக்கக் கோபமாக இருந்தேன். பிறகு அந்தப் பீப் சத்தமும், படியில் உட்கார்ந்து ராவ்தா சிரித்ததும் ஞாபகம் வந்து, கோபம் தங்கவில்லை.

மீட்டர் திரும்பும் அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்றும் ராவ்தா அனுப்பியிருந்தார். பூட்டு கிடையாது. எவன் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் இன்னும் படிக்கவில்லை.