டிங்கர் குடா ஒரு விரற்கடை குட்டையான வருடம்

சீல் வேட்டைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தகவலே இல்லாதிருந்த அசரியா வாச்சர், ஜூன் மாதம் தபால் கப்பலில் டிங்கர் குடாவில் வந்து இறங்கியபோது தன் மனைவி செலினாவின் முழங்கை உயரம்தான் இருந்தான். தாடி அதே தாடி, கட்டைக் குரல் அதே குரல், இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பும் அதே இடத்தில். கப்பல்காரர்கள் அரை டிக்கெட்தான் வாங்கியிருக்கிறார்கள். உப்பு என்ன விலை, மாவு என்ன விலை என்று விசாரித்துக்கொண்டே பலகையில் இறங்கி வந்தான். நாங்கள் குனிந்து கைகொடுத்தோம். செலினா மட்டும் பக்கத்தில் நின்ற மகள் எஃபியின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

புதுத் துணி வாங்கித் தைத்துக்கொள்கிற வழக்கம் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் எங்களுக்குக் கிடையாது. மீன் கொடுத்து வாங்குவது மாவுக்கும் வெல்லப்பாகுக்குமே சரியாகப் போய்விடும். அப்பனின் கோட்டு வெளுத்தால் பிரித்து, உட்பக்கத்தை வெளியே திருப்பித் தைப்போம். அதுவும் வெளுத்தால் மகனுக்குக் கால்சட்டை, அது கிழிந்தால் பாப்பாவுக்குத் தொப்பி. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பனிக்கடலில் தொலைந்தவனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டும். அடுத்த வருடத்துப் பனி கரையை விட்டுப் போகும்வரை அதில் கத்தரி படக் கூடாது. செலினா பிப்ரவரியிலேயே அசரியாவின் கோட்டை வெட்டி எஃபிக்குத் தைத்துவிட்டாள். எஃபிக்கு நெஞ்சு கிழிகிற இருமல், போர்த்த வேறு துணி இல்லை. அவளைக் குறை சொல்கிறவர்கள் அந்தப் பிப்ரவரியில் இங்கே இருந்தவர்களாக இருக்க முடியாது. அசரியாவோ அப்போது நார்வேயில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான்; பனிப்பாளத்திலிருந்து அந்த நாட்டுக் கப்பல் ஒன்று அவனைத் தூக்கிப் போயிருந்தது. ஒரு நாள் காலையில் விழித்தால், கால் கட்டிலின் பாதியோடு நின்றுவிட்டதாம். டாக்டர்கள் சத்து மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, இது ஊரில் ஏதோ கோளாறு என்று அனுப்பிவைத்தார்கள்.

வந்த அன்றே செலினா கத்தரியை எடுத்தாள். எஃபியின் கோட்டைப் பிரித்துப் பழையபடி சேர்த்துவிட்டால் புருஷன் நிமிர்ந்துவிடுவான் என்பது அவள் கணக்கு. அசரியா மகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"அதுல கை வைக்காத. அவளுக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாரு. நான் குட்டையாவே இருந்துட்டுப் போறேன், புள்ள குளிர்ல நிக்கக் கூடாது."

"குட்டையா இருந்துக்கிட்டு எப்படித் துடுப்புப் போடுவ?"

"அது என் பாடு."

அது அவன் பாடாக மட்டும் இருக்கவில்லை. அவனுடைய படகுக் கூட்டாளி ஈலி ஃபட்ஜ் நல்ல மனிதன்தான். அந்தப் பருவத்துக்கு அசரியாவின் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தான். ஆனால் வலையிழுக்க நான்கு ஆள் வேண்டும். வரும் ஜூனுக்குள் நீ வளராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். படகில் இடம் போனால் அடுத்த குளிர்காலத்துக்கு மாவு இல்லை. இவனைத் தூண்டிலில் இரையாகப் போட்டால் பெரிய மீனே மாட்டும் என்று முதலில் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள், அவனும் கூடச் சிரித்தான். இலையுதிர் காலம் வந்தபோது சிரிப்பதை விட்டுவிட்டான். சமையலறைப் பெஞ்சில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். செலினாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாஸ்டனில் வீட்டுவேலை செய்யும் அவள் தங்கை ஒரு பீப்பாய் நிறையப் பழந்துணி அனுப்பியிருந்தாள். அதிலிருந்த ஒரு பணக்கார வீட்டுக் கோட்டைச் செலினா திருப்பித் தைத்து அவனுக்கு மாட்டிவிட்டாள். அது கூடாரம் மாதிரி அவனைச் சுற்றி விழுந்தது, அவ்வளவுதான். அவனை அறியாத துணி அவனுக்கு உதவவில்லை. பிறகு அவள் தன் பாவாடையின் விளிம்பை இரண்டு விரற்கடைக்கு வெட்டி, ஒரு கைப்பட்டியாகத் தைத்து அவன் மணிக்கட்டில் சுற்றினாள். கை நீண்டது. மறுநாள் தேயிலை டப்பாவை எடுக்கப் போனபோது அலமாரி அவளுக்கு எட்டவில்லை.

அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் செலினா துணி காயப்போட முக்காலி தூக்கிக்கொண்டு போவதைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். அதன்பின் வீட்டுக்கு ஒரு துணிக் கீற்றாக வர ஆரம்பித்தது. பாவாடை விளிம்பு, கால்சட்டை மடிப்பு, கோட்டின் அடி. உடுத்திக்கொண்டிருந்ததிலிருந்தே வெட்டிக் கொடுத்தோம். தன் வீட்டுத் தண்ணீரைக்கூட ஓசியில் கொடுக்காத சைமன் கிழவன், கண்ணை மூடிக்கொண்டு நன்றாகவே வெட்டினான். குளிர்காலம் முடிவதற்குள் டிங்கர் குடா முழுவதும் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. கோயில் மணிக்கயிற்றுக்கு ஒட்டுப்போட வேண்டியிருந்தது. கீற்றுகளைச் சேர்த்துச் செலினா அசரியாவுக்கு ஒரு கோட்டு தைத்துக்கொண்டு வந்தாள். கோட்டுக் கை ஏற அவன் கை வளர்ந்தது, முன்பக்கம் ஏற மார்பு அகன்றது.

முதுகுதான் நிற்கவில்லை. கீற்றுகளை ஒட்டித் தைத்த முதுகு, அவன் குனிந்து ஒரு கயிற்றை இழுத்ததும் தையல் விட்டது. அவன் அப்படியே பாதியாக உட்கார்ந்துவிட்டான். பாரம் இழுக்கிறவனுக்கு முதுகு ஒரே துணியாக இருந்தாக வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் மூன்று முறை வெட்டுப்படாத கோட்டு ஏது? ஒன்றே ஒன்று இருந்தது, ட்ரூசில்லா பார்டியின் கதவுக்குப் பின்னால். அவள் புருஷன் ஹியூபர்ட்டும் அதே வேட்டையில், அதே பனிப்பாளத்தில் தொலைந்தவன். அவள் கட்டுப்பாட்டை மீறவில்லை. வருடம் முடிந்தும் அந்தக் கோட்டில் கத்தரி வைக்கவில்லை. மீறியவளின் புருஷன் வந்துவிட்டான், மீறாதவளின் புருஷன் வரவில்லை. அசரியா திரும்பிய நாளிலிருந்து ட்ரூசில்லா அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவளிடம் போய்க் கேட்பதற்குத் தன் நாக்கு எழாது என்று செலினா சொல்லிவிட்டாள். நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில், பனி கரையை விட்டுப் போன மறுநாள், ட்ரூசில்லா தானாகவே வந்தாள். அக்குளில் ஒரு துணிச் சுருள். மேசையில் விரித்தாள். ஹியூபர்ட்டின் கோட்டு முதுகு, ஒரே துண்டு, சுத்தமாகப் பிரித்தது.

செலினா அதைத் தொடவில்லை. "ஹியூபர்ட் வந்துட்டா என்ன பண்ணுவ, ட்ரூசில்லா?"

"வந்தா முதுகு இல்லாம வரட்டும். அது எங்க இருக்குன்னுதான் எனக்குத் தெரியுமே, வாங்கிக்கிறேன். நீ ஊசிய எடு. தையல் நேரா வரணும். அவன் கோணலா உடுத்த மாட்டான்."

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தைத்து வந்து நடுக்கழுத்தில் சந்தித்தார்கள். அசரியா மாட்டிக்கொண்டு எழுந்தான். எழுந்துகொண்டே இருந்தான், உத்தரத்தில் தலை இடிக்கும்வரை. எஃபி கைதட்டினாள். ட்ரூசில்லா அவனை ஒருமுறை திரும்பி நிற்கச் சொன்னாள், பார்த்தாள், வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூனில் அவன் ஈலியின் படகில் தன் இடத்தில் உட்கார்ந்தான். முன்பைவிட நன்றாகவே இழுத்தான், ஹியூபர்ட் பலசாலி. அந்த வருடத்திலிருந்து ட்ரூசில்லா கோயிலில் தன் பழைய இடத்தை விட்டுவிட்டு, அசரியாவுக்கு நேர்பின் பெஞ்சில் உட்காருகிறாள். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை. பிரசங்கம் நீளும்போது அவள் கையை நீட்டி, துணியில் ஒட்டியிருக்கும் நூலை எடுப்பாள். அசரியாவின் தலை போதகரைப் பார்த்தபடியே இருக்கும். முதுகு மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொடுக்கும். அதற்குத் தோதாகச் செலினா சற்று நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.