புக்கிட் செலம்பாவுக்கு வந்த கைதட்டல்

திகாம் பத்து ஊர் மண்டபத்தில் தட்டிய கைதட்டல், மறுநாள் காலையிலேயே புக்கிட் செலம்பாவிலுள்ள பிரேமாவதியின் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்று அறிவித்த பணம்தான் இன்னும் வரவில்லை.

பிரேமாவதி கூலிம் நகரத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். மகள் தனிஷாவுக்கு ஏழு வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. திகாம் பத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் ஹமீதா டீச்சர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினாள். பிரேமாவதி மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததில், ஒன்றரை வருடத்தில் பிள்ளையின் வாயில் ‘மா’ என்று ஓர் ஒலி முளைத்தது. அது முழுச் சொல்லாகிவிடும் என்று ஹமீதா நம்பிக்கை சொன்ன நேரம் பார்த்து, மாடி வாடகைக்கு வழியில்லாமல் போயிற்று. ஊர்ச் சங்கத் தலைவர் பரஞ்சோதி வகுப்புக்காக நிதி திரட்டும் விருந்து வைத்தார். கதவளவு அட்டைக் காசோலை மேடைக்கு வந்தது. அது இல்லாமல் இந்தப் பக்கத்தில் தர்மம் நடந்ததாகச் சரித்திரமே கிடையாது. தனிஷாவையும் மேடையேற்றினார்கள். சத்தம் தாங்காத பிள்ளை என்று ஹமீதா மன்றாடினாள். “பிள்ளைக்காகத்தானே தட்டப் போறோம், விடுங்க லா டீச்சர்,” என்றார் பரஞ்சோதி. மண்டபமே தட்டியது. தனிஷா காதைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அந்தத் தட்டல்தான் வீட்டில் குடியேறியது. கூடத்தில், சமையலறையில், குளியலறையில், ஆளே இல்லாமல் நாள் முழுக்கக் கேட்டது. பூசாரி வந்து திருநீறு போட்டார். அவருக்கும் பலத்த கைதட்டல் கிடைத்தது. பிரேமாவதி தொழிற்சாலையிலிருந்து காதடைப்புகள் கொண்டுவந்து மகளுக்கும் தனக்கும் மாட்டினாள். அதற்குள் வகுப்பு மூடிவிட்டது. ஹமீதா பினாங்குக்கு வேலை தேடிப் போய்விட்டாள்.

சங்கத்துக்கோ வேறு கஷ்டம். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் உள்ளங்கை சிவக்கத் தட்டியும் துளிச் சத்தம் எழவில்லை. பரஞ்சோதி பதறிப்போய் பிரேமாவதி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். உள்ளேயிருந்து கைதட்டல் பொழிந்ததும், பாவம், மனிதர் தன்னை அறியாமல் கும்பிட்டார்.

“தங்கச்சி, சங்கத்துக் கைதட்டலத் திருப்பிக் குடுத்துரும்மா. ஆண்டுக் கூட்டம் வருது.”

“சொன்ன காசக் குடுங்கண்ணே. லோரி கொண்டாந்து மொத்தத்தையும் ஏத்திட்டுப் போங்க.”

“அது இன்னும் ப்ரோசஸ்லதான் இருக்கும்மா.”

சங்கம் கூடிப் பேசி, பதிவு செய்த கைதட்டலும் அதைப் போட ஒலிபெருக்கியும் வாங்கிக்கொண்டது. அதற்குப் பணம் அன்றைக்கே கிடைத்தது. வெட்கங்கெட்ட ஊர். இப்போது கூட்டங்கள் குறையில்லாமல் நடக்கின்றன.

போன மாதம் தனிஷா தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதடுகள் ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டிப் பிரிந்தன. பிரேமாவதி காதடைப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மகளின் வாயோடு காதை வைத்தாள். அம்மா என்றாளா, வெறுமனே வாயசைத்தாளா, கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. “இன்னொரு வாட்டி சொல்லும்மா,” என்று அழுதாள். தட்டல் இன்னும் பலமாக எழுந்தது. பிறகு இருவரும் காதடைப்பை மாட்டிக்கொண்டு சோறு சாப்பிட உட்கார்ந்தார்கள்.